பர்கண்டி ஒயின்: பழமையும் புதுமையும்

பிரான்சு நாட்டின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்னும் நிலப்பரப்பு உள்ளது. அங்கு விளையும் திராட்சையிலிருந்து செய்யப்படும் ஒயின் உலகப் புகழ் பெற்றது. அந்த ஒயினைச் சுவைத்துத் தரம் காண்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடையே நெடுநாளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. பழைய முறையில் செய்த ஒயின் சிறந்ததா, புதிய முறையில் செய்த ஒயின் சிறந்ததா என்பதே அவ்வழக்கு.

ஒரே குன்றில், ஒரே வகைத் திராட்சையிலிருந்து, அடுத்தடுத்த இரு தோட்டக்காரர்கள் செய்த ஒயின்கள் நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் வேறுபடுகின்றன. ஏன்? இக்கேள்விக்கு விடை தேடிச் சென்றால் வேதியியல், நுண்ணுயிரியல், மண்ணியல், வரலாறு ஆகிய எல்லாத் துறைகளையும் தொட்டு வரவேண்டியிருக்கிறது. இறுதியில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. 'பழைய முறை' என்று நாம் சொல்வது உண்மையில் எவ்வளவு பழையது?

மது அருந்துமாறு பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. ஒயினைத் தரம் காண்போரும் அதை வாயில் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவதே தொழில் வழக்கம்.

குன்றுச் சரிவு

டிஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குன்றுச் சரிவு செல்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் அகலம் இரண்டு கிலோமீட்டர் கூட இராது. 'கோத் தோர்' எனப்படும் இச்சரிவு காலை வெயிலைப் பெறும் வகையில் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. அடியில் இருப்பவை ஜுராசிக் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையும் சுண்ணக் களியும்.

இங்குச் சிவப்பு ஒயினுக்குப் 'பினோ நுவார்' என்னும் கருந்திராட்சையும், வெள்ளை ஒயினுக்கு 'ஷார்டொனே' என்னும் வெண்திராட்சையும் பயிரிடப்படுகின்றன. பல ஒயின் நாடுகளில் பல வகைத் திராட்சைகளைக் கலந்து செய்வார்கள். இங்குப் பெரும்பாலும் ஒரே வகைதான். எனவே ஒரு பாத்தி ஒயினுக்கும் அடுத்த பாத்தி ஒயினுக்கும் வேறுபாடு தெரிந்தால், அது மண்ணாலும் சரிவாலும் செய்முறையாலுமே வந்திருக்க வேண்டும். சரிவு முழுவதையும் மக்கள் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்துத் தனித்தனிப் பெயர் இட்டிருக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, அப்படிப்பட்ட பாத்திகள் 1,247 எனக் கணக்கிடப்பட்டது.

துறவிகளும் கோமகனும்

இந்தப் பிரிவினையில் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1098-இல் சீத்தோ என்னுமிடத்தில் ஒரு துறவி மடம் நிறுவப்பட்டது. அம்மடத்தார் தானமாகவும் விலைக்கும் பெற்ற நிலங்களைத் திருத்தித் திராட்சை பயிரிட்டனர். அவர்களுடைய வூழோ தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புள்ளது. அதைச் சுற்றி எழுப்பிய மதில் இன்றும் நிற்கிறது. மடம் நிலைத்த நிறுவனம். தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தைப் பார்த்து வரும் வாய்ப்பு அதற்கு இருந்தது.

அடுத்து வந்தவர்கள் பர்கண்டியின் கோமகன்கள். கோமகன் பிலிப் 1395-ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தார். 'கமே' என்னும் திராட்சைக் கொடி மிகுந்த விளைச்சல் தரும். ஆனால் இந்த மண்ணில் அதன் ஒயின் தரங்குறைந்தது. எனவே அதை வேரோடு பிடுங்கியெறிய வேண்டும் என்றார். தோட்டங்களில் எரு இட்டு விளைச்சலைப் பெருக்குவதையும் கண்டித்தார். விளைச்சலா, தரமா என்னும் போராட்டம் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதற்கு இவ்வாணையே சான்று.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. மடத்து நிலங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு விற்கப்பட்டன. பின்னர் நெப்போலியன் காலச் சட்டம் சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடச் செய்தது. ஒரே மடத்தின் கையில் இருந்த வூழோ தோட்டம் இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. இதனால்தான் ஒரே தோட்டத்தின் பெயரில் எண்பது விதமான கைவண்ணங்கள்!

கௌதாரிக் கண்ணின் நிறம்

திராட்சைச் சாறு ஒயினாக மாறுவது எவ்வாறு? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை எத்தில் ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல். லூயி பாஸ்டர் இதை விளக்கி, ஒயினைப் பற்றித் தனி நூலே 1866-இல் வெளியிட்டார்.

பினோ நுவார் பழத்தின் சதை நிறமற்றது. நிறம் தருவது தோலிலுள்ள ஆந்தோசயனின் என்னும் சாயப் பொருள். துவர்ப்பைத் தரும் டானின் தோலிலும் விதையிலும் காம்பிலும் உள்ளது. ஆகவே சாற்றில் தோல் எத்தனை நாள் ஊறுகிறதோ, அதற்கேற்ப நிறமும் துவர்ப்பும் ஏறும். பெரும்பாலான கருந்திராட்சைகளில் ஆந்தோசயனின்களில் ஒரு பகுதி கரிம அமிலங்களோடு பிணைந்திருக்கும். அவ்வாறு பிணைந்தவை நிறத்தை உறுதியாகப் பிடித்து வைக்கும். பினோ நுவாரில் அத்தகைய பிணைப்பு இல்லை. இயல்பிலேயே இது வெளிர் நிற ஒயின் தரும் திராட்சை.

18-ஆம் நூற்றாண்டில் பர்கண்டி ஒயினின் நிறம் எப்படி இருந்தது தெரியுமா? 'கௌதாரிக் கண்' என்று அதற்குப் பெயர். அதாவது இளஞ்சிவப்பு. வொல்னே என்னும் ஊரின் ஒயின் இந்நிறத்துக்குப் பெயர் போனது. தோலைச் சாற்றில் மிகக் குறுகிய நேரமே ஊறவிட்டனர். அடர்ந்த சிவப்பு ஒயின் வேண்டும் என்ற விருப்பம் பிறகுதான் வலுத்தது; ஊறவைக்கும் நாட்களும் கூடின.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியல் நேரடியாகக் கிடங்குக்குள் நுழைந்தது. வேதியியலறிஞரும் நெப்போலியனின் உள்துறை அமைச்சருமான ஷப்தால், பழம் சரியாகப் பழுக்காத ஆண்டுகளில் சாற்றில் சர்க்கரை சேர்க்கலாம் என்று எழுதினார். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை, ஆல்ககாலின் அளவை ஒரு விழுக்காடு உயர்த்தும். குளிர்ந்த பர்கண்டியில் இம்முறை வேரூன்றிவிட்டது. பிற்காலத்தார் இதையும் 'மரபு' என்றே கொண்டனர்.

வேரைத் தின்ற பூச்சி

1878-இல் ஒரு பேரிடர் வந்தது. அமெரிக்காவிலிருந்து தற்செயலாக ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த பில்லாக்சிரா என்னும் சிறு பூச்சி பர்கண்டியின் மெர்சோ ஊர்த் தோட்டங்களில் காணப்பட்டது. அசுவுணி இனத்துக்கு உறவான இப்பூச்சி வேரில் தங்கிச் சாற்றை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும். அமெரிக்கத் திராட்சையின் வேர் இதைத் தாங்கும். ஐரோப்பியக் கொடியின் வேர் தாங்காது.

அமெரிக்க வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கலாம் என்று தெரிந்திருந்தும், பலர் அஞ்சினர். அந்நிய வேர் சுவையைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். 1887-ஆம் ஆண்டுவரை பர்கண்டியில் ஒட்டுக்கொடிகளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆயினும் வேறு வழி இருக்கவில்லை. தோட்டங்கள் முழுவதும் மாற்றி நடப்பட்டன.

அத்துடன் தோட்டத்தின் தோற்றமே மாறிற்று. அதுவரை கொடிகளுக்கு வரிசை கிடையாது. ஒரு கொடியை மண்ணுக்குள் வளைத்துப் புதைத்தால் அது வேர்விட்டுப் புதுக்கொடியாகும். இப்படிப் பதியன் போட்டுப் போட்டு, ஹெக்டேருக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகள் காடுபோல் நெருங்கி நின்றன. ஒட்டுக்கொடியைப் பதியன் போட்டால் புதைந்த பகுதி ஐரோப்பிய வேரையே விடும். பூச்சி அதைத் தின்றுவிடும். எனவே ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடிகளாக வரிசையில் நட்டு, குதிரையால் உழுதனர். இன்று அழகிய பழமைச் சின்னமாகப் படங்களில் காணும் வரிசைத் தோட்டங்கள், உண்மையில் ஒரு பூச்சியால் வந்த புதுமை. புகழ்பெற்ற ரொமானே கோந்தித் தோட்டம் மட்டும் மருந்திட்டுத் தன் பழைய வேர்களை 1945 வரை காப்பாற்றி வந்தது. அவ்வாண்டு அறுவடைக்குப் பின் அதுவும் பிடுங்கப்பட்டது.

பெயரில் மட்டும் பர்கண்டி

பூச்சியால் விளைச்சல் குன்றியபோது கலப்படம் பெருகியது. வணிகர்கள் வெளிர்ந்த பர்கண்டி ஒயினுடன் தென் பிரான்சிலும் அல்ஜீரியாவிலும் விளைந்த கருத்த, கனத்த ஒயினைக் கலந்து விற்றனர். இதை எதிர்த்துத் தோட்டக்காரர் சிலர் 1920-களிலும் 1930-களிலும் தம் ஒயினைத் தாமே புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினர். வொல்னேயின் தாஞ்செர்வில், நுயி சேன் ஜார்ஜின் ஆன்ரி கூழ், ழெவ்ரேயின் அர்மான் ரூசோ ஆகியோர் இவர்களுள் முன்னோடிகள். 1935-இல் பிரான்சு அரசு ஊர்ப்பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. எந்த நிலம், எந்த வகைத் திராட்சை, எவ்வளவு விளைச்சல் என்பன வரையறுக்கப்பட்டன.

பிரிட்டனிலோ பழைய பழக்கம் நீடித்தது. 1973-இல் அந்நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகே பிரெஞ்சு விதிகள் அங்குச் செல்லுபடியாயின. அப்போது கலப்பற்ற பர்கண்டியைச் சுவைத்த பலர், "இது நீர்த்துப் போயிருக்கிறதே! பழைய சுவை இல்லையே!" என்று குறைப்பட்டனர். அவர்கள் மரபுச் சுவை என்று போற்றியது அல்ஜீரிய வெயிலின் சுவை! பழகிய சுவையையே நாக்கு உண்மைச் சுவை என்று கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

டிராக்டரும் பொட்டாசியமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னொரு மாற்றம். குதிரை போய், கொடி வரிசைக்கு மேலாகக் கால் அகற்றி நடப்பது போன்ற உயர்ந்த டிராக்டர் வந்தது. களை எடுக்கக் களைக்கொல்லி வந்தது. மண்ணுக்குப் பொட்டாசியம் உரம் தாராளமாக இடப்பட்டது.

பொட்டாசியம் வேரின் வழியே பழத்தை அடைகிறது. அங்கு டார்டாரிக் அமிலத்துடன் சேர்ந்து, எளிதில் கரையாத உப்பாகிப் படிந்துவிடுகிறது. விளைவாக ஒயினில் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்த ஒயின் சுவையில் மந்தமாக இருக்கும், நிறம் நிலைக்காது, நுண்ணுயிர்களால் விரைவில் கெடும். விளைச்சல் மிகுந்த கொடிகளைத் தேர்ந்து நட்டதும் சேர்ந்துகொள்ள, 1960-களிலும் 1970-களிலும் பல தோட்டங்களின் ஒயின் வெளிறிச் சாரமற்றுப் போயிற்று. கோமகன் பிலிப் கண்டித்த அதே குறை, வேறு உருவில் திரும்பி வந்தது எனலாம். நிலத்தில் ஒருமுறை மிகுதியாகச் சேர்ந்த பொட்டாசியம் விரைவில் நீங்குவதில்லை. தந்தை இட்ட உரத்தின் பயனை மகன் அனுபவிக்க நேர்ந்தது.

காம்புடனா, காம்பு இல்லாமலா?

இந்நிலையில் தரத்தை மீட்க முனைந்தவர்கள் இரு பாதைகளில் சென்றனர். இன்று 'புது முறை', 'மரபு முறை' என்று சுவைஞர்கள் பிரித்துப் பேசுவது பெரும்பாலும் இவற்றையே.

வோன் ரொமானே ஊரைச் சேர்ந்த ஆன்ரி ழையே (1922-2006) புதுப் பாதையின் முன்னோடி. காம்பு பச்சைக் கசப்பைத் தரும் என்று கருதி அவர் பழங்களைக் காம்பிலிருந்து முழுவதும் பிரித்தெடுத்தார். பின் நொதித்தல் தொடங்குமுன் சில நாட்கள் குளிர்ந்த நிலையில் சாற்றில் தோலை ஊறவிட்டார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிறப்பொருள் நீரிலேயே கரையும். விதையிலுள்ள கடுந்துவர்ப்பு கரைவதற்கு ஆல்ககால் வேண்டும். ஆல்ககால் உண்டாகுமுன் ஊறவைத்தால் நிறமும் பழ மணமும் வரும், கடுமை வராது. பிறகு ஒயினைப் புதிய ஓக் மரப் பீப்பாய்களில் வைத்தார். பர்கண்டிப் பீப்பாயின் கொள்ளளவு 228 லிட்டர். புதிய மரத்திலிருந்து வனிலா மணம் தரும் வனிலின், இலவங்க மணம் தரும் யூஜெனால், புகை மணம் தரும் குவையகால் ஆகியவை ஒயினில் இறங்குகின்றன.

மறுபுறம், ரொமானே கோந்தி, துழாக், லெருவா போன்ற தோட்டத்தார் காம்பை நீக்காமல் குலை குலையாகவே தொட்டியில் இட்டனர். திறந்த மரத்தொட்டியில் குலைகளைக் காலால் மிதிப்பது பழைய வழக்கம். தொட்டியிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவால் மிதிப்பவர் மூச்சடைத்து மடியும் ஆபத்தும் அதில் உண்டு. உடையாத பழங்களுக்குள்ளேயே, பழத்தின் சொந்த என்சைம்களால் ஒரு சிறு நொதித்தல் நடக்கிறது. இதனால் தனிப்பட்ட மணங்கள் தோன்றுகின்றன. காம்பு தன் டானினைத் தருகிறது. நிறத்தில் சிறிது உறிஞ்சிக் கொள்கிறது. பொட்டாசியத்தை விட்டு அமிலத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஆல்ககால் அளவையும் சிறிது தாழ்த்துகிறது.

இவ்விரு வகையையும் அருகருகே இரு கிண்ணங்களில் ஊற்றிப் பார்ப்போர் காண்பது என்ன? குலையோடு செய்த இளம் ஒயின் வெளிறித் தோன்றும். உலர்ந்த ரோஜா, தேயிலை, மசாலாப் பொருள் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் வீசும். வாயில் துவர்ப்பு தூக்கலாக நிற்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து துவர்ப்பு மென்மையாகும். காம்பு நீக்கிப் புது மரத்தில் வைத்ததோ அடர்ந்த நிறம் காட்டும். செர்ரிப் பழமும் வனிலாவும் உடனே மூக்கில் படும். இளமையிலேயே இனிமையாக இருக்கும்.

1980-களில் கீ அக்காத் என்னும் ஆலோசகர் குளிரில் ஊறவைக்கும் முறையை இன்னும் தீவிரமாக்கினார். கந்தக டை ஆக்சைடை மிகுதியாகச் சேர்த்து நொதித்தலைப் பல நாட்கள் தள்ளிப்போட்டார். கிடைத்த ஒயின்கள் கருத்து, மணம் நிறைந்திருந்தன. ஆனால் எந்த ஊர் ஒயின் என்று பிரித்தறிய முடியவில்லை என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். இவ்வழக்கின் உயிர்நாடி இதுதான். 1,247 பாத்திகளும் ஒரே சுவை தருமானால், அவற்றைப் பிரித்து வைத்தவர்களின் உழைப்பு வீண் அன்றோ?

கண் செய்யும் மாயம்

சுவைஞரின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்? பிரான்சில் இன்னொரு ஒயின் மையமான போர்தோ நகரின் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2001-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒயின் செய்முறை பயிலும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் கொடுக்கப்பட்டன. அவர்கள் மணத்தை முறைப்படி விவரித்தனர். பின்னொரு நாள் அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை விவரித்தனர்! மூக்கு முகர்ந்ததைக் கண் திருத்தி எழுதிவிட்டது.

அடர்ந்த நிறத்துக்கு மக்கள் ஏன் மயங்கினார்கள், கலப்பட வணிகர்கள் ஏன் கருத்த ஒயினை நாடினார்கள் என்பதற்கு இதுவே விளக்கம். பர்கண்டியின் கிடங்குகளில் பயன்பட்ட வெள்ளிச் சுவைக் கிண்ணத்தின் உட்புறத்தில் சிறு குழிவுகள் இருக்கும். மங்கிய மெழுகுவத்தி ஒளியைப் பல பக்கமும் சிதறச்செய்து நிறத்தைக் காட்டவே அவ்வமைப்பு. இன்றோ நிறம் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடிக் கிண்ணத்திலும் ஒயினைக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

வெள்ளை ஒயின் தந்த பாடம்

மெர்சோ, புலிஞி ஆகிய ஊர்களின் வெள்ளை ஒயின்கள் இருபது ஆண்டுகள் வரை கெடாதிருக்கும் என்ற பெயர் பெற்றவை. ஆனால் 1990-களின் நடுப்பகுதியில் செய்த ஒயின்களை ஏழெட்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது பல புட்டிகள் பழுத்து மஞ்சளாகி, பழ மணம் இழந்து கிடந்தன. அவற்றில் சோட்டலான் என்னும் பொருள் மிகுந்திருந்தது. வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான அதே பொருள்தான் இது! ஆக்சிஜன் ஒயினை உரிய காலத்துக்கு முன்பே முதுமையடையச் செய்துவிட்டது.

காரணம் ஒன்றல்ல. புட்டியை மூடும் தக்கையில் குறை இருந்தது. கந்தக டை ஆக்சைடின் அளவு குறைக்கப்பட்டிருந்தது. பீப்பாயில் அடிவண்டலை அளவுக்கு மீறிக் கலக்கியதும் ஒரு காரணம். இவற்றோடு பழம் பிழியும் பொறியும் சேர்ந்தது. பழைய பொறி பழத்தை முரட்டுத்தனமாக நசுக்கும். சாறு காற்றுப் பட்டுப் பழுப்பாகும். பார்க்க அழகாக இராது. ஆனால் எளிதில் ஆக்சிஜனோடு சேரும் பீனால் பொருள்கள் அப்போதே மாறி, வண்டலோடு இறங்கிவிடும். காற்றுப் பையால் மெதுவாகப் பிழியும் புதிய பொறி தெளிந்த சாற்றைத் தந்தது. அந்தப் பீனால்களோ சாற்றிலேயே தங்கி, பிற்பாடு புட்டிக்குள் தம் வேலையைக் காட்டின. இதை உணர்ந்த சிலர் பழைய பொறிக்கே திரும்பினர். வேறு சிலர் பிழியுமுன் பழத்தை நசுக்கத் தொடங்கினர். முன்னோர் காரணம் அறியாமல் செய்ததை இவர்கள் காரணம் அறிந்து செய்கிறார்கள்.

கணக்கேடுகள் சொல்வது

போன் என்னும் சிறு நகரம் பர்கண்டி ஒயின் வாணிகத்தின் தலைநகரம் எனலாம். அங்குத் திராட்சை பறித்த கூலியாட்களுக்குக் கொடுத்த சம்பளக் கணக்குகளும் நகர மன்றப் பதிவேடுகளும் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வந்தன. அவற்றைக் கொண்டு 1354 முதல் 2018 வரை ஒவ்வோர் ஆண்டும் அறுவடை தொடங்கிய நாளை ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து, 2019-இல் வெளியிட்டனர். 1987 வரை அறுவடையின் சராசரி நாள் செப்டம்பர் 28. 1988-க்குப் பின்னோ அது ஏறத்தாழ 13 நாட்கள் முந்திவிட்டது. கடும் வெயில் அடித்த 2003-இல் ஆகஸ்டு மாதமே அறுவடை தொடங்கிவிட்டது.

வெப்பம் மிகுந்தால் பழத்தில் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். ஷப்தால் சொன்ன சர்க்கரைக்கு இன்று பல ஆண்டுகளில் தேவையே எழுவதில்லை. காம்பும் முன்னைவிட நன்றாக முதிர்வதால் அதன் பச்சைக் கசப்பு குறைகிறது. ஆகவே காம்பு நீக்கும் முறையில் வளர்ந்த இளைஞர் பலர் இப்போது குலைகளில் ஒரு பகுதியை அப்படியே தொட்டியில் இடுகிறார்கள். குலையோடு செய்து வந்த துழாக் தோட்டத்தாரோ சில ஆண்டுகளில் ஒரு பகுதிக்குக் காம்பை நீக்குகிறார்கள். இரு பாதைகளும் நெருங்கி வருகின்றன.

பழமையா, புதுமையா என்ற வழக்குக்குப் பர்கண்டி தரும் தீர்ப்பு இதுவே: எந்த முறையையும் அதன் வயதைக் கொண்டு மதிப்பிட இயலாது. அது பழத்தில் என்ன செய்கிறது, மண்ணில் என்ன செய்கிறது, பத்து ஆண்டு கழித்துப் புட்டிக்குள் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு நீண்டகாலப் பதிவுகள் தேவை. கூலிக் கணக்கு எழுதிய போன் நகர எழுத்தர்களுக்குத் தட்பவெப்ப ஆராய்ச்சி என்று ஒன்று வரும் எனத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனினும் தேதியைத் தவறாமல் குறித்து வைத்தார்கள். அறுநூற்று அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தேதிகளே இன்றைய தோட்டக்காரருக்கு வழிகாட்டுகின்றன.